கேன் குறைந்த வீடு

"கேட்கவே மாட்டேங்கிற மனுஷனுக்கு எப்படிடி உதவி பண்றது?" என்று சித்தி என்னிடம் கேட்டாள். எனக்குப் பள்ளிப் படிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

சித்தி பால் வண்டி ஓட்டுகிறவள். பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் வீடு வீடாகக் கேன்களை ஏற்றிப் பால் நிலையத்தில் இறக்குகிறாள். அவள் குரலுக்குப் பயந்து எல்லோரும் வைத்த பெயர் 'ஹாரன்'. இந்த வருடம் மழை பொய்த்தபோது, யார் வீட்டில் தீவனம் தீர்ந்தது என்று அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. கேனைத் தூக்கும்போதே கை சொல்லிவிடும்.

மழை பெய்த வேறு ஊர்களின் விவசாயிகளிடம் பேசிப் பேசி அவள் வைக்கோல் திரட்டினாள். நாங்கள் நாலைந்து பேர் கூடச் சேர்ந்துகொண்டோம்.

மேட்டு வீட்டுக்காரரிடம் ஆறு மாடுகள். நான்கு கேன் பால் ஒன்றரையாகிவிட்டது. மாதக் கடைசியில் வியாபாரி வந்து மாடுகளை ஓட்டிப் போவதாகப் பேச்சு. மாடு போனால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதனால் முதல் லோடை அங்கேதான் கொண்டுபோனோம். வண்டியில் 'ஏழை விவசாயிகளுக்கு உதவி' என்று பேனர் கட்டியது நான். அவர் அதை ஒருமுறை படித்தார். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அடுத்த தடவை மைக் செட்டும் வச்சுக்கோ," என்றாள் சித்தி.

அப்போதுதான் அந்தக் கேள்வியையும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் பேனர் இல்லாமல் போனோம்.

"அண்ணே, உங்களையும் சேர்த்து ஏழு வீட்டுக்கு வைக்கோல் வந்திருக்கு. ஒழுகாத கொட்டகை உங்களுதுதான். இறக்கி வச்சுப் பிரிச்சுக் குடுப்பீங்களா?"

"அதுக்கென்னம்மா, செஞ்சா போச்சு."

வேலை என்றதும் அவர் முகமே மாறிவிட்டது.

மாதக் கடைசிக்கு முதல் நாள். மற்ற ஆறு வீட்டிலும் கேன் கனத்தது. அவர் வீட்டில் ஒரு கேன்கூட நிரம்பவில்லை. சித்தி எஞ்சினை அணைக்காமலே இறங்கிக் கொட்டகைக்குள் போனாள். அவருடைய பங்கு கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"என்னண்ணே, அழகுக்கா அடுக்கி வச்சிருக்கீங்க?"

"காவலுக்கு வச்சவனே கை வைக்கலாமாம்மா? வேற யாருக்காவது தேவைப்படும்."

"உங்க மாட்டுக்குத் தேவைப்படலையா? வண்டியில உக்காந்தே அதுங்க விலா எலும்பை எண்ணிடலாம்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கை நீட்டிப் பழக்கமில்லம்மா."

"நீங்க நீட்ட வேணாம். நான் நீட்டுறேன்."

ஒரு கட்டைத் தோளில் தூக்கிப் போய்த் தொட்டியில் பிரித்துக் கொட்டினாள். ஆறு தலைகளும் ஒன்றாக உள்ளே இறங்கின.

"இப்ப அதுங்க வாயிலேர்ந்து பிடுங்குங்க, பாப்போம்!"

அவர் மாடுகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டாவது கட்டை அவரே தூக்கி வந்தார்.

"இப்படிக் கொட்டினா பாதி சிந்திப் போகும். தள்ளும்மா," என்றார்.

மறுநாள் வந்த வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார்.

இன்னும் மழை இல்லை. சித்தி நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தப் போவதில்லை. உங்கள் பக்கத்திலும் கேன் குறைந்த வீடு ஒன்று இருக்கும். இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, என்னைப் போலப் பேனரோடு கிளம்புகிறவர்களுக்கு.