வாளி பிடிக்க ஓர் ஆள்

எங்கள் வேனின் பின் இருக்கைக்குக் கீழே மூடி போட்ட நீல வாளி ஒன்று எப்போதும் இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது வந்த பெயிண்ட் வாளி. அடியில் மடித்த செய்தித்தாள், அதன் மேல் ஒரு பிடி வேப்பிலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காட்டி, காகிதம் மாற்றி வேனில் வைப்பதுதான் அக்காவின் முதல் வேலை. சாமி விளக்கு ஏற்றுவது அதற்குப் பிறகுதான். "அம்மா கோச்சிக்க மாட்டா. வாளி இல்லன்னா வேன் ஓட்டற தம்பி கோச்சிக்குவார்" என்பார். அம்மா என்றது மாரியம்மனை, தம்பி என்றது என் கணவரை. அக்கா, என் கணவருடைய அண்ணனின் மனைவி. ஓரகத்தி என்பது உறவுமுறை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் சின்னவள்.

அக்காவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. கோலார் தங்கவயலின் பாலகாட்டுப் பகுதியில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, அதே ஊர் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுக்கு வாக்கப்பட்டவர். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் அவருடைய உலகம். நாலு பக்கமும் காற்று வரும் ஆட்டோ என்றால் எப்படியோ சமாளிப்பார். பஸ்ஸின் டீசல் வாசனை பட்டாலே முகம் வெளுத்துவிடும். ரயிலும் அப்படித்தான். மாத்திரை போட்டும் பார்த்தாகிவிட்டது. "மாத்திரை போட்டா தூங்கிக்கினே வாந்தி எடுக்கறேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கடைக்கு வருகிறவர்களிடம் அவரவர் பாஷையில் பேரம் பேசி ஒரு குண்டானாவது விற்காமல் அனுப்ப மாட்டார். "வாய்க்கு நாலு பாஷை தெரியுது. வயித்துக்குத்தான் ஒரு ரோடும் தெரியல" என்பார்.

பெரிய மாமா, அதாவது அக்காவின் கணவர், இதை வைத்துக் கேலி செய்யாத நாள் கிடையாது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டை எங்கள் ஊரில் கேஜ் என்போம். பூமிக்கு அடியில் ஒவ்வொரு ஆழத்திலும் ஆட்கள் இறங்கி வேலை செய்யும் தளம் லெவல். சுரங்கத்தை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டாலும் பேச்சில் இரண்டும் மூடாமல் இருக்கின்றன. "இவளை கேஜுல ஏத்தியிருந்தா லெவலுக்கு லெவல் பெல் அடிச்சு நிறுத்தச் சொல்லியிருப்பா. ஒரு ஷிப்டுக்கும் வேலை நடந்திருக்காது" என்பார் மாமா. அக்காவும் சேர்ந்து சிரிப்பார். அவர்களுடைய ஒரே மகளைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுக்கும் வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணம் எங்கள் ஊரிலேயே நடந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட நாங்கள் எல்லோரும் கிளம்பினோம். அக்கா வாசலோடு நின்றுவிட்டார். அங்கே போய் இறங்கியதும் சம்பந்தியம்மா, "பொண்ணோட அம்மா வரலீங்களா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பெண்ணின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மகளே போனில் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் வீடியோவில் அந்த வீட்டை மூலை மூலையாகக் காட்டுவாள். இது சமையல் ரூம், இது மொட்டை மாடி, அதோ பாரும்மா கடல் என்பாள். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெரியுதுடி. அடுப்பு மேடைதான் ஒசரமா கீற மாதிரி தெரியுது. கை வலிக்காதா?" என்று கேட்பார்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்ததும் மாமா கையோடு ஏற்பாடு சொல்லிவிட்டார். "ஏழாம் மாசம் நாங்க போய் வளையல் போட்டுக் கூட்டிக்கினு வர்றோம். நீ ஆரத்தி கரைச்சு வச்சுக்கினு வாசல்ல நில்லு." அக்கா முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது சொன்னார், "நான் போறேன்." மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "எங்கப்பா சொல்வார், புதுசா வேலைக்கு வந்த ஆளை எடுத்தவொடனே அடி லெவலுக்கு எறக்க மாட்டாங்களாம். மேல் லெவல்ல கொஞ்ச நாள் விடுவாங்களாம். தலைசுத்தல் அடங்கினாத்தான் அடுத்தது. நானும் அப்படியே எறங்கறேன். ஞாயித்துக்கெழமை வேன் எனக்கு வேணும்."

வேன், கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்தது. ஓட்டத் தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். அவர் பெங்களூருக்கு விடியற்கால ரயிலில் வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறவர். "அண்ணி, ஆறு நாளும் ரயில்ல தூங்கறேன். ஞாயித்துக்கெழமையாவது பாய்ல தூங்கறேனே" என்று கெஞ்சினார். "பாய் எங்கயும் போவாது தம்பி" என்றார் அக்கா. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் அப்படித்தான் தொடங்கின.

முதல் லெவல் பேத்தமங்கலம் ஏரி. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, அம்மனை வேண்டிக்கொண்டு கிளம்பினோம். ஐந்தாவது பழம் முகர்ந்து பார்க்க அக்காவின் கையில். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வாளி வெளியே வந்துவிட்டது. ஒரு கையால் வாளியையும் மறு கையால் அவருடைய நெற்றியையும் பிடித்துக்கொண்டது நான். ஏரிக்கரையில் இறங்கி முகம் கழுவி, மரத்தடியில் நெடுநேரம் படுத்திருந்தார். பிறகு எழுந்து கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. எனக்கு ஒரு வாய் மோர் சாதம் குடு, சின்னவளே" என்றார். திரும்பி வரும்போது அந்த மோர் சாதமும் வாளிக்குப் போனது. வீட்டில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த ஞாயிறு எங்க?"

அடுத்து கோடிலிங்கம் கோயில். அதற்கடுத்து பூதிகோட்டை. அங்கே தக்காளித் தோட்டத்து ஓரமாக வேனை நிறுத்திப் போர்வை விரித்துச் சாப்பிட்டோம். தோட்டக்காரர் வந்து யார் என்ன என்று கன்னடத்தில் விசாரிக்க, அக்கா அவரிடம் பேசிப் பேசி ஒரு பை தக்காளியோடு எழுந்தார். பிறகு கோலார் அந்தரகங்கை மலையடிவாரம், குப்பம் கடைத்தெரு. குப்பத்தில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்து தெலுங்கில் விலை கேட்டுவிட்டு வெளியே வந்து, "நம்ம கடைல அடுக்கறது சரியில்ல. பெரிய அண்டாவை முன்னாடி வைக்கணும்" என்றார். தன் கடையைத் தவிர வேறு ஊர்க் கடையை அதுவரை பார்த்திராதவர் அவர். எங்களுக்கெல்லாம் அது ஊர் சுற்றல், அவருக்கு வேலை. பூங்காவில் மற்றவர்கள் பூவைப் பார்ப்பார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி, திரும்பிப் போகும் வழிக்காக மூச்சைச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

போகப் போகச் சிலது பிடிபட்டது. முன் இருக்கைதான் ஆகும். கிளம்பும் முன் எண்ணெய்ப் பண்டம் ஆகாது. நான் அம்மன் பாட்டுப் பாடினால் குமட்டல் கொஞ்சம் அடங்குகிறது. "உன் தொண்டைக்குப் பயந்து வாந்தி உள்ளயே நின்னுடுது" என்றார் மாமா. இருந்துவிட்டுப் போகட்டும், அம்மனுக்கு என் குரல் அதற்காவது உதவியதே என்று நான் பாடிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒரு ஞாயிறுகூட வாளி காலியாகத் திரும்பவில்லை. ஒரே ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் வாளியைக் கண்டால் திரும்பிவிடலாம் என்பார். இப்போது வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், போங்க தம்பி" என்பார்.

கடைசியாக மிஞ்சியது பேரணாம்பட்டு மலை இறக்கம். புதுச்சேரிக்குக் கிருஷ்ணகிரி பக்கமாகப் போனால் மலை இல்லை. ஆனால் எங்கள் குலதெய்வம் மலைக்குக் கீழே, முன்னோர்கள் தங்கவயலுக்குப் பிழைக்க வருவதற்கு முன்பு வாழ்ந்த ஊரில் இருக்கிறாள். வளைகாப்பு வளையலைப் பெண்ணைப் பெற்றவள் தன் கையால் அந்த அம்மன் காலடியில் வைத்து எடுத்துப் போவதுதான் இந்த வீட்டு வழக்கம். அதனால் ஒரு ஞாயிறு ஒத்திகை பார்த்தோம். இரண்டாவது வளைவிலேயே அக்காவுக்கு மயக்கம் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மாமா முதல் தடவையாகக் கேலி இல்லாமல் பேசினார். "நீ பட்டது போதும். வளையலை நான் வைக்கிறேன். அம்மா ஏத்துக்குவா." அக்கா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "அம்மா ஏத்துக்குவா. நான் ஏத்துக்க மாட்டேன்" என்றார்.

புறப்படும் நாள் வந்தது. வி.கோட்டா தாண்டி, மலை இறங்கத் தொடங்கும் இடத்தில் அக்கா, "நிறுத்துங்க தம்பி" என்றார். வாளியை ஒரு கையிலும் வளையல் பையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கினார். "கேஜ் நின்னு போச்சுன்னா எங்கப்பா மேலயே குந்திக்கினு இருக்க மாட்டார். ஏணி வழியா எறங்குவார். நான் நடக்கறேன். நீங்க வண்டியை மெள்ள பின்னாடி உருட்டிக்கினு வாங்க." யாரும் பதில் சொல்வதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் இறங்கி ஓடினேன்.

இரண்டு பக்கமும் காடு. சாலையோரத்துச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. மேலே ஏறி வந்த லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "இன்னாக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். "வண்டி நல்லாத்தான் கீது. ரிப்பேர் நான்தான்" என்றார் அக்கா, நிற்காமலே. வளைவுக்கு வளைவு வெயில் ஏறியது. செருப்பு கடித்ததும் அதைக் கழற்றி வேனுக்குள் போட்டார். என் கணவர் ஜன்னல் வழியாக, "அண்ணி, கொஞ்ச தூரம் ஏறிக்குங்க" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். பாதி மலையில் வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமா இறங்கி வந்தார். முட்டி வலியோடு வேகமாக நடந்து வந்து அக்காவின் கையைப் பார்த்தார். "காலி வாளியை இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வர்றே. குடு இப்படி." அடிவாரம் வரைக்கும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தார்.

அக்கா தன் கையால் வளையலை அம்மன் காலடியில் வைத்தார். பூசாரி கொடுத்த குங்குமத்தை இட்டுக்கொண்டு, "இனிமே ரோடு நேரா கீது இல்ல?" என்று மட்டும் கேட்டார். நேர் ரோடானாலும் வேலூரில் ஒரு தரம், திருவண்ணாமலை போகும் வழியில் ஒரு தரம், திண்டிவனத்தில் ஒரு தரம் நிறுத்த வேண்டியிருந்தது. புதுச்சேரியில் அந்த வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது சாயங்காலம். மகள் கதவைத் திறந்தாள். தலை கலைந்து, புடவை கசங்கி, வெறுங்காலோடு நின்ற அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "ஏண்டி மரமாட்டம் நிக்கறே. வாய் கொப்பளிக்கத் தண்ணி குடு" என்றார் அக்கா. அவள் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். சம்பந்தியம்மாதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் கையிலிருந்த வாளியைக் கழுவி வைக்க வாங்கப் போனார். அக்கா பாய்ந்து பிடித்தார். "அதை நீங்க தொடக் கூடாது சம்பந்தி." "இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, இதைக்கூட நான் செய்யக் கூடாதா?" என்றார் அவர். வாசலில் இரண்டு பேரும் வாளியை இழுத்துக்கொண்டு நின்றார்கள். அந்த இழுபறியில்தான் இருவரும் உண்மையான சம்பந்திகள் ஆனார்கள் என்று எனக்குப் படுகிறது.

வளையல் போட்டு முடிந்த மறுநாள் காலையில் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். அக்கா அலையை ஒரு நிமிஷம் பார்த்தார். "அய்யய்யோ, இதுவும் ஆடுதே" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து சுண்டல் தின்ற மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு தூரம் பார்க்க வந்தது அதைத்தான்.

திரும்பும்போது டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மலை இல்லாத கிருஷ்ணகிரி வழியாகப் பெண்ணை மெதுவாக அழைத்து வந்தோம். அக்கா முன் இருக்கையை விட்டுவிட்டு மகளோடு பின்னால் ஏறிக்கொள்ள, நான் வழக்கம்போல வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். செஞ்சி தாண்டியதும் குமட்டிக்கொண்டு வந்தது மகளுக்கு. அக்கா என் மடியிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு கையில் வாளி, மறு கையில் மகளின் நெற்றி. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல. தூரமாப் பாரு, கிட்டப் பாக்காதே. சின்னவளே, பாடு." நான் பாடினேன். வழியெல்லாம் அவர் மகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பங்காருப்பேட்டை வந்தபிறகுதான் என் கணவர் கண்ணாடியில் பார்த்து மெதுவாகக் கேட்டார், "அண்ணி, நீங்க இன்னும் ஒரு தடவைகூட எடுக்கலியே?" அக்கா திகைத்துப் போனார். "அடப் போங்க தம்பி, ஞாபகப்படுத்தாதீங்க" என்றார். மாரியம்மன் செய்த காரியம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பேத்தி இப்போது நடக்கிறாள். அக்காவுக்கு வயிறு முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போனால் இன்னும் புரட்டும், ஆனாலும் போகிறார். அந்த நீல வாளி வெளுத்துவிட்டது, கைப்பிடிக்குக் கயிறு கட்டியிருக்கிறோம். எங்கள் தெருவில் யாராவது குழந்தை குட்டியோடு வெளியூர் கிளம்பினால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். நேற்றும் எதிர்வீட்டுப் பெண், மாமியாரை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போவதற்காக வாளி கேட்டு வந்து நின்றாள். அக்கா அதை வெயிலிலிருந்து எடுத்து, காகிதம் மடித்துப் போட்டு, வேப்பிலை பறித்து வைத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார்.

"வாளி கீது, எடுத்துக்கினு போ. புடிக்க ஆள் கீதா?"