ஒரு ஜெபத்தின் நேரம் ஓடிய எஞ்சின்

இந்த ஊரில் கார் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு தெருவில் நின்றால் ஒரு ஆள்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்குப் பழகாத விஷயங்களில் இதுவும் ஒன்று. போன வாரம் காலை வேலைக்குக் கிளம்பும்போது என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இறங்கிப் பானெட்டைத் திறந்து, உள்ளே எதையோ தொலைத்தவன்போலக் குனிந்து நின்றேன். பத்து நிமிடத்தில் நாயோடு ஒருவர், சைக்கிளில் இரண்டு பேர், தள்ளுவண்டியில் பிள்ளையோடு ஒரு பெண் கடந்து போனார்கள். எல்லோரும் "மோர்கன்" என்று மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்கள், அவ்வளவுதான். கடைசியில் கீழ்வீட்டு யூர்கன் வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். நான் "நைன், நைன், டாங்கே" என்றேன். வேண்டாம், நன்றி. அவர் தலையசைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

நான் மறுக்கவில்லை என்பது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாயா குடிக்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்போம். சாயா வரும். முதல் 'வேண்டாம்' ஒரு மரியாதை, இரண்டாவது முறை கேட்பது கேட்டவரின் கடமை. யூர்கனுக்கு அந்த இரண்டாவது கேள்வி தெரியாது. மறுநாள் படிக்கட்டில் பார்த்தபோது, சர்வீஸ் ஆள் வர இரண்டு மணி நேரமானதைச் சொன்னேன். "நீதானே வேண்டாம் என்றாய்?" என்று அவர் உண்மையாகவே குழம்பினார். அந்த இரண்டு மணி நேரமும் நான் மனதில் திருவட்டாற்றுப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நின்றிருந்தேன், போன லீவின் கடைசி நாளில்.

அன்றும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் அது நான் அப்பாவுக்காக வாங்கிப் போட்ட கார். மத்தியானம் திருவனந்தபுரத்தில் எனக்கு விமானம். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அதற்கு முன்பு நான் கிளம்பிய இரண்டு தடவையும், மரத்தைப் போட்டுவிட்டு எப்படி வர என்று வாசலிலேயே நின்றுகொண்டார். இந்தத் தடவை அவராகவே, ஒரு நாள் வெட்டாமல் விட்டால் மரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்தார். காலையில் எல்லோருக்கும் முன்னால் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து, முன்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். டக், டக் என்றது. வேறு ஒன்றும் இல்லை.

என் அக்காள் புருஷன் ஸ்டீபன் அத்தான் உடனே டாக்சிக்கு விளிக்கப் போனை எடுத்தார். அப்பா உள்ளே இருந்தபடியே சொன்னார்: "வாடகை வண்டியில போறதுக்கு நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாருங்க." சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அவர் பெல்ட்டைக் கழற்றவில்லை. ஒன்பது மணி வரை பார்ப்போம், அதற்குமேல் டாக்சிதான் என்று முடிவாயிற்று. அப்போது எட்டு இருபது. இந்த நாற்பது நிமிடத்துக்குள் வண்டி ஓடவில்லையென்றால் அப்பா இந்தத் தடவையும் வாசலில்தான் நிற்பார்.

பானெட்டைத் தூக்கியதுதான் தாமதம், ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரையும் கூப்பிடவில்லை. கல்ஃபில் பதினேழு வருடம் ஏசி வேலை பார்த்துத் திரும்பிய சாமுவேல் மாமா, ஒரு பார்வையிலேயே பெட்ரோல் பம்பு என்று தீர்ப்புச் சொன்னார். அத்தான், எலி வயரைக் கடித்திருக்கும் என்றார். ஆட்டோ ஓட்டும் தங்கமணி அண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பினார். "லே மக்கா, நீ படிச்சது எஞ்சினுதானே?"

ஆமாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்தேன். எஞ்சின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து, பாகங்களையும் குறித்துவிடுவேன். என்ன செய்ய, பரீட்சைத் தாளில் வந்த எஞ்சின்கள் எல்லாம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தவை.

தங்கமணி அண்ணன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பியதும் லைட் அணைகிற விளக்குபோல மங்கியது. "கரண்டு இல்ல. பேட்டரியாக்கும். பம்புமில்ல, எலியுமில்ல." பேட்டரியோ எட்டு மாதத்துக்கு முன் மாற்றிய புதிது. கம்பிகளை ஆட்டிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. உள்ளே எந்த லைட்டும் எரிந்துகொண்டிருக்கவில்லை. பிறகு எப்படிப் போயிற்று? கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது என்று கேட்டார். அப்பா முன்சீட்டிலிருந்து கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார். "நேத்து காலையிலகூட ஸ்டார்ட் ஆக்கினேன். லேசா முனகிச்சு, பொறவு எடுத்தது. ஒரு நாளும் நான் மொடக்கினதில்ல."

எத்தனை நேரம் ஓட விடுவீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு ஜெபத்துக்க நேரம். பால் எடுத்துட்டு வந்து, கைகழுவி, இஞ்ச இருந்து ஸ்டார்ட் ஆக்குவேன். ஒனக்கு வேண்டி ஒரு ஜெபம். ஆமென் சொன்னா ஆஃப். ஒனக்க பெட்ரோல வெறுதே எரிக்கப்பிடாதுல்லா."

எனக்கு விளங்கிவிட்டது. தங்கமணி அண்ணனுக்கும் விளங்கியது, அவர் சட்டென்று எஞ்சினைப் பார்க்கக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியிலிருந்து ஒரு கை அள்ளும். வண்டி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அள்ளியது திரும்பச் சேரும். அப்பா எட்டு மாதமாக, சேருமுன்பே அணைத்திருக்கிறார். அத்தான் எப்போதாவது எடுத்து ஓட்டியதால்தான் இத்தனை நாள் தாங்கியது. தினமும் ஸ்டார்ட் பண்ணிப் போடுங்கள், சும்மா கிடந்தால் பேட்டரி போய்விடும் என்று ஜெர்மனியிலிருந்து போனில் சொன்னவன் நான்தான். எவ்வளவு நேரம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது என்பதையும் யோசிக்கவில்லை.

அப்பா பெல்ட்டைக் கழற்றினார். "அப்பம் நானாக்கும் கெடுத்தது, இல்லியா?"

"இல்லப்பா. நான் பாதிதான் சொன்னேன். அத நீங்க அப்படியே செஞ்சீங்க."

தங்கமணி அண்ணன் நிமிர்ந்தார். "அண்ணாச்சி, நீரு சின்ன ஜெபம் பண்ணினதாக்கும் குத்தம். நம்ம உபதேசியாருக்க ஜெபமா இருந்தா பேட்டரி நெறஞ்சு வழிஞ்சிருக்கும்."

எங்கள் சர்ச்சில் பிரசங்கம் பண்ணும் உபதேசியார் ஜெபம் தொடங்கினால் ஆராதனைக்கு வந்த பிள்ளைகள் உறங்கி எழுந்துவிடுவார்கள். அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், ஆனால் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் ஆக்கலாம் என்றதும் தானும் தள்ள இறங்கப் பார்த்தார். "நீரு இரியும்" என்று எல்லோருமாக அவரைத் திரும்ப உட்காரவைத்தார்கள். அவராகவே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

எங்கள் முற்றத்திலிருந்து ரோடு வரை நல்ல இறக்கம். பின்னால் ஆறு பேர் தள்ளினார்கள். பம்புதான், பார்த்துக்கொள் என்று சாமுவேல் மாமா தள்ளிக்கொண்டே சொன்னார். ஜெர்மனிப் பழக்கத்தில் என் வலது கை கியரைத் தேடிக் கதவில் முட்டியது. பிறகு இடதுகையால் இரண்டாவது கியரைப் போட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, பிடித்துக்கொண்டது. மணி எட்டு ஐம்பத்தைந்து. அம்மாவும் அத்தானும் வந்து பின்சீட்டில் ஏறினார்கள். தங்கமணி அண்ணன் ஜன்னலோரம் ஓடிவந்து, "ஆஃப் ஆயிராம பாத்துக்கோ மக்கா. எங்க நின்னாலும் ஆக்சிலேட்டர்ல காலு இருக்கட்டு" என்றார்.

மார்த்தாண்டத்தில் நெருக்கடி, களியக்காவிளையில் நெருக்கடி. நின்ற இடத்திலெல்லாம் இடதுகாலால் கிளட்சையும் வலதுகாலால் ஆக்சிலேட்டரையும் மிதித்தபடி இருந்தேன். அப்பா வழி முழுக்கப் பேசவில்லை. பேசினால் அதற்கும் கரண்டு செலவாகும் என்பதுபோல நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கும்போது, இவ்வளவு தூரம் ஓடிவிட்டது, இனி அணைத்தாலும் குழப்பமில்லை என்றேன். "வேண்டாம், ஓடட்டு" என்றார். அத்தான் என் இடத்தில் ஏறிக்கொண்டார். அம்மா இறங்கிவந்து கட்டிப்பிடித்தாள். அப்பா இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கத்திபட்டுக் கத்திபட்டுக் காய்த்த விரல்கள். எஞ்சினின் நடுக்கம் அவர் கை வழியாக எனக்கு வந்தது. "போய்ச் சேந்தா விளி" என்றார். காவலர் விசிலடித்தார், கார் நகர்ந்தது.

விமானம் கடலுக்குமேல் வந்த பிறகுதான் கவனித்தேன். என் வலதுகால், முன்சீட்டுக்கு அடியில் வைத்திருந்த பையை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தது. காலை எடுக்கலாம் என்று நினைத்தேன். அவர்கள் வீடு போய்ச் சேரட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன்.