பொட்டு வெடியும் நாரைக் காடும்

ஒரே ஒரு பொட்டு வெடியால் ஒரு காட்டையே காலி செய்துவிட்டேன் என்று மூன்று வாரம் நம்பினேன். அப்போது எனக்கு முப்பது வயது, அரசாங்கச் சம்பளம் வேறு.

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் கருவேலங்காடு. மழை விழுந்ததும் நாரைகள் வந்து கூடு கட்டும். அவை மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட ஊரில் யாரும் வெடி போடுவதில்லை. தொண்ணூறுகளில் காரைக்குடியிலிருந்து வேன் கட்டிக்கொண்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க வரத் தொடங்கியதும், என் மனைவியின் அண்ணனும் நானும் உட்கார்ந்து ஒரு விதி எழுதினோம்: கரையில் மடை வரைக்கும் வரலாம், கட்டுச்சோறு சாப்பிடலாம், அதற்கு அப்பால் பறவைகளுக்கு. காவலுக்கும் மச்சானையே போட்டது ஊர்.

அந்தத் தீபாவளிக்கு மகள் அழுத அழுகை தாங்காமல், கல்லல் கடைத்தெருவில் ஒரு டப்பா பொட்டு வெடி வாங்கிவந்து, அடுப்படிக் கதவைச் சாத்தி, குழவியால் ஒன்றைத் தட்டினேன். எலிகூட அசையவில்லை. மறுநாள் காலை கண்மாய்க்குப் போனால் பாதி கட்டிய கூடுகள் மட்டும் இருந்தன. ஒரு நாரை இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்தேன். மிச்ச வெடியை அரிசிப் பானையில் ஒளித்தேன். எலி கடித்து வெடித்துவிட்டால்? எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். நடந்தாலே வெடிக்கும் என்று தோன்ற, கோழிபோல் அடியெடுத்து வைத்து மச்சான் வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், நாரை போனதுக்கு நாந்தான் காரணம்."

"என்ன மாப்புள செஞ்சீக?"

"அடுப்படிக்குள்ள ஒரு பொட்டு வெடி."

அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். கருணை என்று எடுத்துக்கொண்டேன்.

"படிச்ச ஆளு, நீங்களே இப்படிப் பண்ணலாமா? சரி, மூச்சு விடாதீக. ஒங்க பேரு வெளிய வராது."

நன்றிக்கடனாக அவருடைய காவலையும் நானே பார்த்தேன். அவர் வீட்டில் தூங்கினார். ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது, "பேரு சொல்ல மாட்டேன். எங்க வீட்டுல பொண்ணு எடுத்தவுகதான்" என்றார். அந்த வீட்டில் பெண் எடுத்தவன் நான் ஒருவன்தான்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, கரையில் நின்ற என்னிடம் வேனிலிருந்து இறங்கிய ஒருவர் கேட்டார்: "காவக்கார அண்ணன் இல்லீகளா? தீபாவளியன்னைக்கி எங்களுக்காக எல்லாத்தையும் ஒண்ணாப் பறக்க விட்டாகளே! போட்டோ பிரமாதம். இன்னைக்கும் ஒரு அணுகுண்டு போடுவாகளா?"

மச்சான்தான் அவர்களை மடையைத் தாண்டிக் கூட்டிப்போய், மரத்தடியிலேயே வெடியைப் பற்றவைத்திருக்கிறார். சத்தம் கேட்ட நாங்கள் பக்கத்து ஊர்த் தீபாவளி என்று நினைத்துக்கொண்டோம். அந்த வருஷம் நாரைகள் திரும்பி வரவில்லை.