இத்தாவில் கற்ற பாஷை

பிரதேச செயலகத்துக் கோப்பு ஒன்றில் ஹமீமாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "வயது ஐம்பத்தொன்று. விதவை. தொழில் இல்லை. இறந்த கணவரில் தங்கி வாழ்ந்தவர். தெரிந்த மொழி தமிழ்."

இதில் வயது சரி. விதவை என்பதும், யாரும் விரும்பாவிட்டாலும், சரி. மற்றவை நல்லெண்ணத்தோடு நிரப்பப்பட்டவை.

தொழில் இல்லாத ஹமீமா, உக்குவளையில் தன் வீட்டு முற்றத்தில் சாதிக்காய் காயவைத்து மாத்தளை வியாபாரிகளுக்கு விற்று வந்தாள். காயின்மேல் சிவப்பு வலைபோல ஒட்டியிருக்கும் வசவாசியைக் கிழியாமல் உரித்தெடுப்பதில் அவளுடைய விரல்களுக்கு ஊரில் பெயர் இருந்தது. கணவர் ஹாஷிம் மாணிக்க வியாபாரி. நம் நாட்டில் யாரும் மதிக்காத பால் நிறக் கற்களை வாங்கிக்கொண்டுபோய், தாய்லாந்தின் சந்தபுரி நகரத்தில் சூளையில் சூடேற்றி நீலக்கல்லாக்கி விற்பது அவருடைய திட்டம். சில கற்கள் நீலமாயின. பல கற்கள் வெடித்தன. பெருநாளுக்கு வாசனைச் சவர்க்காரங்களோடு வருவார். திரும்பிப்போகிற டிக்கெட்டைச் சாதிக்காய் வாங்கிக் கொடுக்கும். யாரில் யார் தங்கி வாழ்ந்தார்கள் என்பதைக் கோப்பு விசாரிக்கவில்லை. ஹமீமாவும் விசாரித்ததில்லை. அவர் வருகிற நாளைத்தான் விசாரிப்பாள்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் ஹாஷிம் சந்தபுரியில், வாடகை அறையில், மாரடைப்பில் மௌத்தானார். அங்குள்ள பள்ளிவாசல் மையவாடியில் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். ஹமீமா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களைக் காணாமல் இருக்கிற காலம் அது. சாதிக்காய்க்கு இத்தா கிடையாது. அதனால் வியாபாரிகள் வாசலில் நின்றும் ஹமீமா திரைக்குப் பின்னால் நின்றும் விலை பேசினார்கள். முகம் தெரியாததால் அவள் முன்னைவிடக் கறாராகப் பேசினாள் என்று வியாபாரிகள் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து சில நாளில் அவளுடைய போனில் ஹாஷிமின் பெயர் வந்தது.

மகள் நிப்லாதான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். வந்தது ஒரு குரல் பதிவு. ஒரு பெண் பேசினாள். தாய்லாந்து பாஷை. நடுவில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் விளங்கியது. நாலு நிமிஷத்துக்கு மேல் பேசியிருந்தாள்.

சந்தபுரியில் ஹாஷிமோடு கல் வியாபாரம் செய்த புஹாரியிடம் அதை அனுப்பிக் கேட்டார்கள். ஹமீமாவை ராத்தா என்றும் ஹாஷிமை நானா என்றும், அக்கா அண்ணன் முறையில் பேசுகிற அவர் அழைத்தார்.

"அது பா நொய், ராத்தா. பான்னா அங்க மாமி மாதிரி. நானாட அறைக்குக் கீழ சாப்பாட்டுக் கடை வெச்சீக்கிறவங்க. கடைசி நேரம் அவங்கதான் பக்கத்துல. நானாட போனும் அவங்ககிட்டதான் ஈக்கு."

"என்ன சொல்றாங்க தம்பி?"

"நானா கஷ்டப்படல்லயாம்."

"அதுக்குப் பொறகு?"

"அவ்வளவுதான்."

"நாலு நிமிஷம் பேசியீக்காங்க தம்பி. நீங்க ஒரு வரி சொல்றீங்க."

"அவங்கட பாஷை அப்பிடித்தான் ராத்தா. கொஞ்சம் இழுக்கும்."

ஹமீமா விலை பேசிப் பழகியவள். எதிராளி எந்த இடத்தில் அமுக்குகிறான் என்பது அவளுக்குக் குரலிலேயே தெரியும். இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்து, பதிவின் நடுவில் வருகிற ஒரு சொல்லைச் சொல்லிக்காட்டி, அதற்கு அர்த்தம் கேட்டாள். 

"ராத்தா, நான் இங்க இருவது வருஷம். கல்லுட நிறை, கல்லுட விலை, குறைங்க, கூட்டுங்க. எனக்குத் தெரிஞ்ச பாஷை அவ்வளவுதான். மத்தத அவங்க அழுதத வெச்சுச் சொன்னேன்."

இருபது வருஷம் ஒரு ஊரில் இருந்தும் அந்த ஊர்ப் பாஷை வராமலிருப்பது வியாபாரத்தில் மட்டுமே சாத்தியமான திறமை. ஹமீமா அவரைக் கோபிக்கவில்லை. தன் கணவரும் இப்படித்தான் அங்கே வாழ்ந்தாரா, சோறு கேட்கவும் விலை கேட்கவும் மட்டும் வாய் திறந்துகொண்டு, என்ற யோசனைதான் அவளுக்கு வந்தது. அதற்கு விடை இருந்தால் அது அந்த நாலு நிமிஷத்துக்குள் இருந்தது. அவர் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லக்கூடிய ஒரே மனுஷி அதில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாஷையப் படிக்கேலுமா?" என்று மகளிடம் கேட்டாள்.

நிப்லா போனில் பாடங்கள் இறக்கிக் கொடுத்தாள். ஆரம்பப் பாடம், அன்றாடச் சொற்கள். நாம் என்றால் தண்ணீர். ரோன் என்றால் சூடு. கின் காவ் என்றால் சோறு தின்பது. லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவில் ஹமீமா பாயில் உட்கார்ந்து, போன் சொல்வதைத் திருப்பிச் சொன்னாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் மனைவி ஸுபைதா இத்தாவில் இருப்பவளுக்குத் துணையாக வந்து போகிறவள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரு ஆம்பிள?"

"போன், ராத்தா. பாடம்."

"போன்னாலும் அது ஆம்பிளக் குரல்தானே. இத்தால ஈக்கிற பொம்பள அந்நிய ஆம்பிளட குரலக் கேக்கலாமா?"

"வசவாசிக்கு வார முதலாளிமார்ட குரல நாள் முழுக்கக் கேக்கிறேனே."

"அது வியாபாரம்," என்றாள் ஸுபைதா.

நிப்லா ஒரு பெண் பாடம் நடத்துகிற வீடியோவைத் தேடிப்பிடித்து, சொற்களை முதலில் அதில் கேட்கவைத்தாள். பிரச்சினை தீர்ந்தது. ஸுபைதா மார்க்கத்துக்குக் காவலாக தினமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் அவளுக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை வந்தது.

ஹமீமா படித்த விதம் எந்தப் பாடத்திலும் இல்லாதது. சின்ன வயதில் குர்ஆனை அவள் அப்படித்தான் ஓதக் கற்றாள். அர்த்தம் தெரியாது, நீட்டுகிற இடத்தில் நீட்டி, மூக்கில் எடுக்கிற இடத்தில் மூக்கில் எடுத்து, ஓசை பிசகாமல் மனப்பாடம். பா நொய்யின் பதிவையும் அதே வழியில் முழுக்கப் பாடமாக்கிவிட்டாள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் அந்த மனுஷி பேசியதை முதலிலிருந்து கடைசிவரை, மூக்கை உறிஞ்சுகிற இடம் உட்பட, ஒப்பிப்பாள். சாதிக்காய் புரட்டும்போது வாய் தானாகச் சொல்லும். புதிதாக ஒரு சொல் படித்தால், இருட்டு வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்குப் போட்டதுபோல, மனப்பாடத்தில் அந்த இடம் வெளிச்சமாகும். தண்ணீர் என்கிறாள். மீன் என்கிறாள். சூடு என்கிறாள்.

"சூராவ ஓதுற மாதிரி ஓதாதீங்க புள்ள," என்றாள் ஸுபைதா. "பயமா ஈக்கு."

பாடம் இறைச்சி வகைகளில் வந்து நின்றது. மூ என்றால் பன்றி. போன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லும்படி காத்திருந்தது. ஹமீமா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொன்னாத்தான் உம்மா அடுத்த பாடம் தொறக்கும்."

"எனக்கு வேணாம்."

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா வாய்லயே தருவேன்."

அடுத்த பாடம் வீடு, குடும்பம். அதற்குப் பின் உள்ளத்து உணர்ச்சிகள். அவளுக்கு வேண்டிய சொற்களெல்லாம் ஒரு பன்றிக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தன. பல நாள் அவள் தண்ணீர், சூடு, மீன் என்று பழைய பாடங்களையே சுற்றினாள். கடைசியில் பெண்கள் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா பஹ்மிதாவை வரவழைத்துக் கேட்டார்கள். பஹ்மிதா சிரிப்பை அடக்குவதற்குத் தேநீரை ஊதினாள்.

"குர்ஆன்லயே அந்தச் சொல் ஈக்கே. ஓதுறோம்தானே? திங்கிறதுதான் ஹராம். சொல்றது இல்ல."

ஹமீமா சொன்னாள். சொல்லிவிட்டுப் போய் வாய் கொப்பளித்தாள். பாடம் திறந்தது.

திறந்ததோடு இன்னொன்றும் நடந்தது. அன்று பின்னேரம் சாதிக்காய் புரட்டிக்கொண்டே ஒப்பித்தவள் நடுவில் நின்றாள். பா நொய்யின் பேச்சில் அந்தச் சொல் இருந்தது. ஹாஷிமின் பெயருக்குப் பக்கத்தில், சோறு என்பதற்கும் சட்டி என்கிற ஏதோ ஒன்றுக்கும் நடுவில், மூ.

ஸுபைதாவின் முகம் மாறியது. "தின்டாரா? தின்னல்லயா?"

"அது வெளங்கல்ல ராத்தா."

"அல்லாவே. கட்டாயம் கேக்கணும். மௌத்தான மனுஷன்ட விஷயம்."

இரண்டு நாளில் மோதினார் வீட்டு வழியாகத் தெருவுக்கே இது தெரிந்துவிட்டது. எவருக்கும் தெரியாத ஊரில் ஹாஷிம் தின்ற சோறு உக்குவளையின் பொதுப் பிரச்சினையானது. அவர் உயிரோடிருந்தபோது என்ன தின்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

ஹமீமாவை அரித்தது வேறு சொல். உணர்ச்சிகள் பாடத்தில் கிட் துங் என்று ஒன்று வந்தது. ஒருவரையோ ஓர் இடத்தையோ நினைத்து ஏங்குவது. "நெனப்பு போய்ச் சேர்றது, உம்மா," என்று நிப்லா விளக்கினாள். ஹமீமா மனப்பாடத்தை ஓட்டிப் பார்த்தாள். முதலில் ஒரு தடவை வந்தது. கடைசிப் பகுதியில் திரும்பத் திரும்ப வந்தது. யார் யாரை நினைத்து ஏங்கியது? பா நொய் ஹாஷிமை நினைக்கிறாளா? ஹாஷிம் எதையாவது நினைத்தாரா? சொற்களுக்கு நடுவிலுள்ள சின்னச் சின்ன ஒட்டுகளை ஆரம்பப் பாடம் இன்னும் தரவில்லை. நாலு நிமிஷத்தில் பாதி வீடு இன்னும் இருட்டு.

வருஷத்தில் ஒரு தடவை வந்து, வந்த மூன்றாம் நாளே கற்களைப் பற்றிக் கனவு காண்கிற மனிதரை அவள் ஒருபோதும் கேட்டதில்லை, அங்கே இருக்கும்போது என்னை நினைப்பீர்களா என்று. கேட்டால் வெட்கம். கேட்காமலிருந்தது பழக்கம். இப்போது கேட்க ஆளில்லை. பாஷை மட்டும் கொஞ்சம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவள் ஹாஷிமின் பெயரை அழுத்தி அழைத்தாள். பக்கத்தில் நிப்லா. மறுபக்கம் ஸுபைதா, கையில் தஸ்பீஹ் மணியோடு. அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"சவாதி கா," என்று வணக்கம் சொன்னாள் ஹமீமா. பிறகு, தான் ஹாஷிமின் மனைவி என்று மெதுவாகச் சொன்னாள்.

அங்கே சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் நின்றது. பா நொய் படபடவென்று ஏதோ பேசினாள், அழுதாள், ஓய்ந்தாள். ஸுபைதா ஹமீமாவின் முழங்காலைத் தட்டி, பன்றி, பன்றி என்று உதட்டால் காட்டினாள். ஹமீமா அந்தக் கையை எடுத்து ஸுபைதாவின் மடியிலேயே வைத்தாள். அந்தக் கேள்வி உக்குவளையில் இன்றுவரை தீராமல்தான் இருக்கிறது.

அவர் வீட்டை நினைத்து ஏங்கினாரா என்று கேட்டாள். அந்தப் பாஷையில் அது சின்ன வாக்கியம்தான். சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு பிடித்தது.

பா நொய், எதிரில் இருப்பது ஆரம்பப் பாடக்காரி என்பதை விளங்கிக்கொண்டவள்போல, சொற்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வைத்தாள். வீடு. கதவு. பச்சை. முன்னால் மரம், சிவப்புப் பழம். பக்கத்தில் ரயில். காலையில் ரயில், பின்னேரம் ரயில். தினமும், என்றாள். சாப்பிடும்போது தினமும் சொல்லுவார். அதில் ஒரு சொல்லுக்கும் நிப்லா உதவ வேண்டியிருக்கவில்லை.

உக்குவளைக்கு வந்தேயிராத ஒரு பெண், ஹமீமா உட்கார்ந்திருந்த வீட்டை அவளுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஜம்பு மரத்தில் அந்த வருஷத்துச் சிவப்புப் பழம் இன்னும் பறிக்காமல் கிடந்தது.

"என்ன சொல்றா?" என்றாள் ஸுபைதா.

ஹமீமா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பா நொய்யிடம், கதவு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது என்று தாய்லாந்து பாஷையில் சொன்னாள்.