காலிக் குழாயில் வந்த முயல்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயரே அக்காதான். கம்பளி என்று வரும் துணியில் இருப்பது ஆட்டு முடியா, முயல் முடியா என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அக்கா அதில் கில்லாடி. துணியைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். இயந்திரம் சாவகாசமாக வந்து ஆமாம் போடும்.

ஒவ்வொரு சோதனையிலும் துணியே போடாத காலிக் குழாய் ஒன்றையும் சேர்த்து ஓட்டுவோம். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் எங்களில் யாரோ கொண்டுவந்தது என்று அர்த்தம். அன்றைய முடிவெல்லாம் குப்பை. அந்தக் குளிர்காலத்தில் காலிக் குழாயில் முயல் வந்தது, அதுவும் மூன்று தடவை.

எல்லோர் கண்ணும் என் மேல்தான். என் மகள் வளர்க்கும் முயலின் சேட்டைகளைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அளந்தவன் நான்தானே. முயலா, வேலையா என்று மேலாளர் கேட்காத குறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் முயலைக் கொண்டுபோய் மைத்துனன் வீட்டில் விட்டேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அழுதுகொண்டே இருந்தாள்.

இதை அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் கை நின்றது. வெள்ளை மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே வெளிர் நீல ஸ்வெட்டர், கைகள் அவருக்குக் குட்டை.

“முயலக் கூட்டிட்டு வந்துடு தம்பி. இதுதான் காரணம். என் பொண்ணோடது.”

ஒரே மகள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அது நடந்து ஒரு வருடம். துவைத்தால் அவள் வாசனை போய்விடுமே என்று துவைக்காமலே போட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

“முயல் முடின்னு உங்களுக்குத் தெரியாதா? அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா கழட்டணுமே.”

மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார். துவைக்காமல் பீரோவில் வைத்தாலும் அதன் முடி மற்றத் துணிகளில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றே துவைத்துவிட்டார்.

முயல் வீடு திரும்பியது. மகள் அதைக் கட்டிக்கொண்டு குதித்தபோது என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

மறு சோதனையை அக்காதான் செய்தார். காலிக் குழாயில் எதுவும் வரவில்லை. மேலாளருக்கு முகமெல்லாம் பல். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டில் அந்தக் குழாய்க்கு நேராக ‘எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.