போகமாட்டேன் என்ற லாரி

குளிர் காலத்தில் பழைய லாரியை எப்படிக் கிளப்புவது என்று யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். யாரும் கேட்பதில்லை. சாவியைத் திருகியதும் ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வித்தை எதற்கு?

இலங்கையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் லாரி டிரைவர். லாரி வெள்ளைக்காரத் துரை காலத்தில் வாங்கியது. அவன் போனான், நம் நாட்டுத் துரை வந்தார், பிறகு அரசாங்கமே தோட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆட்கள் மாறினார்களே ஒழிய லாரி மாறவில்லை. புது பேட்டரி கேட்டால், "இருக்கிறத வச்சு ஓட்டுடா" என்பார் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர். துரையின் காருக்கு மட்டும் பேட்டரி தவறாமல் வந்துகொண்டிருந்தது. அது குளிரில் நின்று யாரும் பார்த்ததில்லை.

மார்கழி, தை மாதங்களில் அந்த லாரியோடு நான் பட்டது நாய் படாத பாடு. சாயங்காலம் அதைச் சரிவில்தான் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் வைத்துவிட்டால், காலையில் கல்லை எடுத்து உருட்டி விடலாம். பேட்டரியைக் கழற்றி, ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பேன். என்ஜினுக்குச் சாக்குப் போர்த்துவேன். விடியுமுன் பிளக்குகளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனால், அம்மா ரொட்டிக் கல்லின் ஓரத்தில் அவற்றை வரிசையாக வைத்துச் சுட வைப்பாள். "பெத்த புள்ளைக்கு முன்னாடி ஒன் வண்டிக்குத்தான் பசியாத்த வேண்டியிருக்கு" என்பாள். சூடு ஆறுமுன் ஓடிப்போய் அவற்றை மாட்டி, ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றி, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அந்த ஹேண்டில் சில நேரம் திருப்பி அடிக்கும். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்சினால் முடியுமா?

உதை வாங்கியது என் அண்ணன். எனக்கு முந்திய டிரைவர் காலத்தில் அவன்தான் அந்த லாரிக்குக் கிளீனர். ஒரு தை மாதக் காலையில் ஹேண்டில் அடித்து அவன் வலது மணிக்கட்டு முறிந்தது. கை கோணலாகவே கூடியது. கிளீனர் வேலை போய், மண்வெட்டி எடுத்து மலைக்குப் போனான். மூன்று பிள்ளைகளோடு, எங்கள் வீட்டை ஒட்டிய காம்பராவில்தான் குடியிருந்தான். காம்பரா என்றால் பெரிய வீடென்று நினைக்க வேண்டாம். லயம் என்கிற நீண்ட வரிசைக் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அறை, அவ்வளவுதான்.

யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். அதில் அப்பாவும் அம்மாவும் நானும். அண்ணனின் மாமனார் குடும்பம் மொத்தமும் இந்தியாவுக்கு எழுதியது. மதினி அழுதாள் என்று அண்ணனும் அவர்களோடு சேர்ந்து கைநாட்டு வைத்தான். மாவுக்கும் அரிசிக்கும் அல்லாடிய வருஷங்கள் அவை. எங்கே போனாலும் இதைவிடக் கேடாகவா இருக்கும் என்றுதான் அவனும் நினைத்தான். ஒரே பானையில் சோறு தின்றவர்களுக்கு இரண்டு நாடு. யார் கேட்டார்கள் இந்தப் பங்கை?

அண்ணன் குடும்பம் போகும் நாள் வந்தது. காலையில் பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினால்தான் தலைமன்னார் போய்க் கப்பலைப் பிடிக்கலாம். ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விடுவது தோட்டத்து லாரி. அதாவது நான். என் அண்ணனை நாட்டைவிட்டு ஏற்றிக்கொண்டு போகும் வேலையையும் என் தலையில்தான் கட்டினார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே பெட்டி படுக்கைகளை ஏற்றிவிட வேண்டும் என்று பெரிய கிளாக்கர் லாரியை லயத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார். அது சமதரை. அங்கே நிறுத்தினால் காலையில் கிளம்பாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிரவு பேட்டரியைக் கழற்றவில்லை. சாக்கும் போர்த்தவில்லை. காலையில் அம்மா கல்லைக் காயவைத்துக்கொண்டு, "பிளக்கு எங்கடா?" என்று கேட்டாள். "இன்னைக்கு வேண்டாம்மா" என்றேன். மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்.

விடியற்காலையில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. ஸ்டார்ட்டர் இரண்டு தரம் முனகிவிட்டு அடங்கியது. ஹேண்டிலைச் சுற்றினேன். கிளம்பவில்லை. "தள்ளுங்கடா, கோச்சி போயிரும்!" என்று கம்பளிக் கோட்டுக்குள் இருந்து கத்தினார் பெரிய கிளாக்கர். தள்ளுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அவர்களைப் பிடித்துத் தள்ளச் சொல்வது வழக்கம், அதை வேலையாக யாரும் கணக்கில் எடுத்ததும் இல்லை. ஆனால் அன்று தள்ளியவர்கள் அந்த லாரியில் ஏறிப் போகிறவர்களும் அவர்களை வழியனுப்ப வந்தவர்களும். அண்ணனின் மாமனார் தள்ளினார். மதினி கைப்பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து தள்ளினாள். அப்பா தள்ளினார். அம்மாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கை வைத்தாள்.

நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி உருண்டதும் கிளட்ச்சை விட்டேன். ஒரு குலுக்கு, பிறகு நின்றது. பின்னுக்குத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி முன்னுக்குத் தள்ளினார்கள். மறுபடி நின்றது. மூன்றாவது தரமும் அப்படியே. நிற்காமல் என்ன செய்யும்? என்ஜினுக்குப் பொறி கொடுக்கும் சுவிட்சை நான் போடவே இல்லை.

கோச்சி தவறினால் கப்பலும் தவறும். அதற்குள் ஏதாவது நடக்காதா, யாராவது மனசு மாறமாட்டார்களா என்று என் புத்தி ஓடியது. இரண்டு அரசாங்கம் போட்ட கணக்கை ஒரு சுவிட்சால் அழித்துவிடலாம் என்று நினைத்த முட்டாள் நான்.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்துக் கதவுக்கு வந்தான். சுவிட்ச் போட்டால் எரியும் சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தான். அந்த லாரியின் கிளீனருக்கு வேறொன்றும் பார்க்க வேண்டியதில்லை. என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"தம்பி, எங்க காம்பராவ நேத்தே வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. தோட்டத்துப் பதிவுலயும் பேர் வெட்டியாச்சு. இன்னைக்கு நான் போகலேன்னா எம் புள்ளைகள எங்கடா படுக்க வைப்ப?"

எங்கள் காம்பராவில் என்று சொல்ல வாயெடுத்தேன். பேர் வெட்டுப்பட்டவனுக்கு இடம் கொடுத்தால் எங்கள் பேரையும் வெட்டுவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"சுவிட்ச போடுடா" என்றான். கை நீட்டி அவனே போட்டிருக்கலாம். போடவில்லை. திரும்பி நடந்து, கோணல் கையை மற்றவர்கள் கைகளோடு சேர்த்து லாரியில் வைத்தான்.

நான் சுவிட்ச் போட்டேன். தள்ளினார்கள். கிளட்ச்சை விட்டதும் என்ஜின் இருமி, புகைவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து "அரோகரா!" என்று எல்லோரும் ஒரே குரலில் கூவினார்கள். லாரி கிளம்பிவிட்டால் வரும் சந்தோஷம், வேறொன்றுமில்லை. அந்தக் கூச்சலில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அடுத்த நொடி அது அழுகையாக மாறியதும் கேட்டது.

கட்டிப்பிடித்து அழக்கூட நேரமில்லை. என்ஜின் நின்றால் மறுபடி பிடிக்காது என்று பெரிய கிளாக்கர் எல்லோரையும் விரட்டினார். பிள்ளைகளை மூட்டை தூக்கிப் போடுவதுபோல் தூக்கிப் போட்டார்கள். கடைசிப் பேரனுக்கு அம்மா முத்தம் கொடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடமிருந்து சில வருஷம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அம்மா சாகும்வரை, வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் காலையைப் பற்றிச் சொல்வாள். "மூணு தரம் தள்ளியும் போகமாட்டேன்னு நின்னுச்சுங்க. அந்த வாயில்லாத வண்டிக்கு இருந்த மனசு மனுசனுக்கு இல்லாமப் போச்சே!" வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

அது லாரி இல்லை, நான்தான் என்று அவளிடம் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "அப்ப பெறகு ஏன்டா சுவிட்ச போட்ட?"