கிழக்கு ஊருக்கு ஒரு கோல் கீப்பர்

1996 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்காபரோவில் தமக்கை வேரோனிக்காவின் வீட்டுக்குச் சாப்பிட வந்த சூசைதாசன், தமக்கை மகள் மெலிசாவிடம் ஒரு வேலை சொன்னார்.

“பிள்ளை, ஃபுட்போல் லீக்குக்கு ஒரு சட்டம் கொண்டு வாறன். இங்கிலிசிலை எழுதித் தா.”

“என்ன சட்டம் மாமா?”

“ஊர்க் கழகத்திலை ஊரான்தான் விளையாடலாம். தாயோ தகப்பனோ அந்த ஊராய் இருக்கவேணும். இல்லாட்டி, ஊரிலை பெண் எடுத்தவனாய் இருக்கவேணும்.”

“இப்ப ஏன் உது?”

“போன வருசம் மேற்கு ஊரார் ஒரு பிரேசில்காரனை இறக்கினவை. கேட்டால், தங்கடை ஊர் நீக்கிலாஸின்ரை பெறாமகனாம், தமையன்ரை பெடியனாம். அவனுக்குத் தமிழிலை ‘அடி’ எண்ட சொல்லு மட்டும்தான் தெரியும்.”

“நாளைக்கு எங்களுக்கு ஆள் குறைஞ்சால்?”

சூசைதாசன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “ஸ்காபரோவிலை ஒரு கல்லை எறிஞ்சுபார். எங்கடை ஊரான்ரை தலையிலைதான் விழும்.”

மெலிசா எழுதிக் கொடுத்தாள். சட்டம் நிறைவேறியது.

சூசைதாசன் பகலில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில் நின்றார். மற்ற நேரமெல்லாம் கிழக்கு ஊர்க் கழகம். தன் வான் வண்டியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அதில் வலையும் கொடியும் ஏற்றியிருந்ததால், மனைவி கிளடிஸ் மழையிலும் பூசைக்கு பஸ்ஸில்தான் போனாள். அவர் பிறந்த தீவில் கிழக்கு ஊருக்கும் மேற்கு ஊருக்கும் நடுவில் ஒரு பனங்காணிதான் கிடந்தது. ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் இரண்டு ஊராரும் ஒரே கட்டடத்தில் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். இருந்தும், மேற்கு ஊரான் உள்ளே நின்றால் அவர் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்.

மே மாதத்திலேயே கல்லெறிந்தாலும் தலை கிடைக்கவில்லை. ஒருவனுக்கு ஞாயிறு ஓவர்டைம். ஒருவனுக்கு மச்சாளின் சாமத்தியவீடு, பூப்புச் சடங்கு. இன்னொருவன் பூட்ஸ் மனைவியின் காரோடு போய்விட்டதென்று மைதானத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். ஒன்பது பேரோடு விளையாடிய நாளும் உண்டு. மைதானத்துக்கு அனுமதி கேட்டுப் பூங்கா அலுவலகத்துக்குப் போன் எடுப்பதும், எடுத்தவரிடம் மாமா பின்னாலிருந்து கத்துவதற்கு மன்னிப்புக் கேட்பதும் மெலிசாவின் பொறுப்பாயின. அவளுக்கு அந்த விளையாட்டில் பந்து உருண்டையானது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எப்படியோ அரையிறுதிக்கு வந்தார்கள். அதற்கு முந்தின வாரம் கோல் கீப்பர் இக்னேசியஸ் கலியாணம் கட்டத் திருச்சிக்குப் பறந்துவிட்டான். பொம்பிளை ஊரிலிருந்து அங்கே வந்து காத்திருந்தாள்.

“உவனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பிருக்கோ?” என்றார் சூசைதாசன்.

“கலியாணத்துக்குப் பொறுப்பில்லாமலோ போனவன்?” என்றாள் கிளடிஸ்.

மிச்சம் இருந்தவர் கழகத்தின் வயதான மாற்றுக் கீப்பர் நீக்கிலாப்பிள்ளை. குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். இது போதாதென்று லீக்கின் தலைவர் தில்லையம்பலம் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: அரையிறுதியில் தோற்கிற சிறிய கழகங்களை அடுத்த வருடம் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். கிழக்கு ஊர் மேற்கு ஊரோடு. பெயரும் அவர்களுடையது.

தொழிற்சாலையில் சூசைதாசனோடு வேலைசெய்த றிச்சர்ட் நல்ல கோல் கீப்பர். ஆனால் மன்னார்ப் பெடியன். தாயும் மன்னார், தகப்பனும் மன்னார். சூசைதாசன் தில்லையம்பலத்திடம் போனார்.

“அண்ணை, இந்த ஒருக்கால் மட்டும்.”

“நீர்தானே ஐசே சட்டம் கொண்டுவந்தனீர்? நல்ல இங்கிலிசிலை வேறை எழுதியிருக்கு.” தில்லையம்பலம் சிரித்தார். “ஊரிலை பெண் எடுக்கச் சொல்லும். போனால் போகுது, நிச்சயம் பண்ணினாலே நான் விடுறன்.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார்.

அரையிறுதியில் நீக்கிலாப்பிள்ளை ஆறு கோல் வாங்கியதும், சூசைதாசன் அடுத்த வருடம் மேற்கு ஊரின் பச்சைச் சட்டையோடு எல்லைக்கோட்டில் நின்று அதே ஆட்களைத் திட்டியதும் எல்லாருக்கும் தெரியும். அரையிறுதிக்கு முதல்நாள் நடந்தது வீட்டுக்கு வெளியே தெரியாது.

அன்று சூசைதாசன் காரணம் சொல்லாமல் றிச்சர்டைத் தமக்கை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார். பெடியன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அவனுக்கும் விஷயம் தெரியாது என்பது அவன் மூன்றாம் தரமும் கணவாய்க் கறி கேட்டதில் விளங்கியது. மாமா மெலிசாவையே மூன்று தரமும் பரிமாறச் சொன்னார். பிறகு அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினார்.

“இங்கை எங்கடை ஊர்ப் பெட்டையளிலை கலியாணமாகாதவை மூண்டே பேர். ஒருத்தி கன்னியாஸ்திரி. மற்றவளுக்குப் பன்னிரண்டு வயசு.”

“மாமா.”

“பொறு, சொல்லி முடிக்கிறன். பெடியன் குடிக்கமாட்டான். ஆளும் நல்ல உயரம், கோலுக்கு மேலை வாற பந்தெல்லாம் பிடிப்பான். நான் உன்னைக் கட்டச் சொல்லேல்லை, பிள்ளை. நாளைக்குப் பின்னேரம் தில்லையம்பலத்தார் கேட்டால் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. ஃபைனல் முடிய, பிடிக்கேல்லை எண்டு விடு.”

மெலிசா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, “கோலுக்கு நீக்கிலாப்பிள்ளையே நிக்கட்டும், மாமா,” என்றாள்.